பனிவழி.இலங்கை

பைஸருக்குப் பேய் என்றால் பயம். கொட்டகலை கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஆள், வாய்த்துடுக்குக்குப் பேர் போன ஆள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தான். அன்று மத்தியானம் அவன் கடையிலேயே, அவன் கம்ப்யூட்டரிலேயே ஒரு பேய் வந்து உட்கார்ந்துகொண்டது.

திரையில் ஒரே ஒரு பக்கம். மேலே 'பனிவழி' என்று பெயர். நடுவில் ஒரு மலைச்சரிவின் படம். படத்துக்குக் கீழே ஒரு வரி.

'நீ சொன்னதுதான் சரி.'

அவ்வளவுதான். தொலைபேசி எண் கிடையாது, விலாசம் கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது.

"இது எங்க வீட்டுக்காரரு எழுதினது" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த சுலக்ஷனா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பூண்டுலோயாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"நல்லா எழுதியிருக்காருங்க" என்றான் பைஸர். "அவர் எங்க, வெளிநாட்டுலயா?"

"அடைமழையில மலை எறங்கிச்சே, அன்னிக்கிப் போனவரு. இன்னும் கெடைக்கல."

பைஸர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கடையின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். ஹட்டனில் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்குப் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவளுடைய பழைய உத்தியோகம். இப்போது பைஸரின் கடைக்கு மேல்மாடியில் தனியார் விசாரணை என்று பலகை மாட்டியிருக்கிறாள். மாடிக்கு வாடகை வாங்குகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், உதவியாளன், எல்லாம் பைஸர்தான். மூன்றுக்கும் சேர்த்து அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டு.

"ஆரம்பத்துலருந்து சொல்லுங்க தங்கச்சி" என்றாள் ஜீவராணி.

சுலக்ஷனா சொன்னாள். புருஷன் பெயர் திலக்ஷன். வெள்ளைக்காரர்களைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் தொழில். வாய்வழியாக ஆள் பிடித்தது போதும், ஒரு இணையதளம் வைத்து முறையாகத் தொழிலாக்கலாம் என்று புருஷனும் பெஞ்சாதியும் முடிவு பண்ணினார்கள். பனிவழி என்ற பெயரை வைத்தவள் அவள். அதுவரை சண்டை இல்லை. பெயருக்குப் பின்னால் எதைப் போடுவது என்பதில்தான் வீடு இரண்டானது.

"அவரு டொட் கொம்னு நின்னாரு. வர்றது எல்லாம் வெள்ளைக்காரங்க, தமிழ் எழுத்துல போட்டா எவன் டைப் பண்ணுவான்னு கேட்டாரு."

"நியாயந்தானே" என்றான் பைஸர்.

"நான் டொட் இலங்கைதான்னு சொன்னேன். தமிழ்லயே இருக்குல்ல, அது. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த மண்ணுலதான் கெடக்காங்க. இன்னமும் எங்களப் பாத்து இந்தியாவுலருந்து எப்ப வந்தீங்கன்னு கேக்குறாங்க. நம்ம பேருக்குப் பின்னால நம்ம எழுத்துல நம்ம நாடு இருக்கட்டுமேன்னேன்."

"அதுவும் நியாயந்தான்" என்றான் பைஸர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான்.

"ராத்திரி பூரா சண்ட. காலையில தேத்தண்ணி குடுத்தேன், குடிக்கல. போயிட்டாரு." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "பஸ்ஸுக்குத்தான் போயிருப்பாருன்னு ரோட்டோரத்துல விழுந்த மண்ணையெல்லாம் நாள் கணக்கா வெட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. போன வாரம் நானே தளத்த ஆரம்பிச்சிரலாம், அவரு தொழில விட்டுறக் கூடாதுன்னு நெனச்சி, பனிவழி டொட் இலங்கைங்குற பேரு இன்னும் காலியா இருக்கான்னு போன்ல அடிச்சிப் பாத்தேன். இது தொறந்துச்சு."

கடைக்கு வெளியே ஒரு லொறி பிரேக் அடித்து நின்ற சத்தத்தில் பைஸர் துள்ளி விழுந்தான்.

"மாமா வர்ற வெள்ளிக்கெழம கருமாதி வைக்கணுங்குறாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க. இதப் பாத்ததுக்கு அப்புறம் நான் எப்படிக்கா சம்மதிப்பேன்? உசுரோட இருக்குறவருக்கு யாராவது காரியம் பண்ணுவாங்களா? அவரு எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. வராட்டியும் பரவால்ல. எங்கயோ இருக்காருன்னு தெரிஞ்சா போதும்."

ஜீவராணி பைஸரைப் பார்த்தாள். "இந்தப் பேர யாரு பதிஞ்சதுன்னு பாக்க முடியுமா?"

"பேரச் சொல்ல மாட்டாங்க. தேதியப் பாக்கலாம்." பைஸர் தட்டினான். வந்ததைப் பார்த்தான். மறுபடியும் தட்டினான். அதே தேதிதான் வந்தது. "ராணி அக்கா... இது மழைக்கு அப்புறம் பதிஞ்சது. மலை எறங்கி ஒரு மாசம் கழிச்சி."

சுலக்ஷனாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கத்தான் பைஸருக்குப் பயமாக இருந்தது. பேயைவிடவும் அது அதிகமாகப் பயமுறுத்தியது.

"டொட் கொம் என்ன ஆச்சு?" என்றாள் ஜீவராணி.

"பனிவழி டொட் கொம்மா? இங்கிலீஷ்ல அடிச்சிப் பாக்குறேன்... காலியாத்தான் கெடக்கு. டொட் எல்கே கூடக் காலி."

"பேரத் திருடுறவன் எத எடுப்பான்?"

"டொட் கொம்மத்தான். அதத்தானே விக்கலாம். டொட் இலங்கைய எடுத்து அவன் என்னா, கோயில் சுவத்துலயா எழுதுவான்?"

"அப்ப இவன் திருடன் இல்ல" என்று எழுந்தாள் ஜீவராணி. "ஒரே ஒரு ஆள் மட்டும் வந்து பாக்கணும்னு கதவு வச்சிருக்கான். அந்தக் கதவு இருக்குறது இந்தப் புள்ளைக்கு மட்டுந்தான் தெரியும். ஆட்டோவ எடு."

"வெய்யில் தாழட்டுமே..."

"வெய்யிலா? வெளியில பாரு. பனி எறங்கிருச்சு."

*

தலவாக்கலை தாண்டியதும் பனி ஆட்டோவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அது வளைவில் திரும்பியதும் அதுவும் இல்லை. பைஸர் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினான். கேட்டால் பாட்டு முணுமுணுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பின்னால் ஜீவராணி அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தபடி வந்தாள். ஓரிடத்தில் மண்சரிவை வழித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றது. பைஸர் திரும்பிப் படத்தை எட்டிப் பார்த்தான். பயத்தை மறைக்க ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"என்னாக்கா இது, இந்த மலைக்கு யாரு மொட்ட அடிச்சது? எல தழ ஒண்ணையும் காணோம்."

ஜீவராணி படத்தை விரலால் பெரிதாக்கினாள். தேயிலைச் செடிகள் எல்லாம் இலையின்றி முழங்கால் உயரக் குச்சிகளாக நின்றன. குச்சிகளுக்கு இடையில் வெட்டிப்போட்ட கிளைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன.

"மொட்டைதான்" என்றாள். "கவ்வாத்து வெட்டியிருக்காங்க. செடி மறுபடி தழைக்கிறதுக்காக வெட்டி விடுறது. மிலாறு இன்னும் மலையிலயே கெடக்கு பாரு. வெறகுக்கு ஆகுமேன்னு வெட்டுன சூட்டோட பொம்பளைங்க தலையில தூக்கிட்டுப் போயிருவாங்க. நான் லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல பொறந்தவ, நானும் தூக்கியிருக்கேன். இது எந்த மலை தங்கச்சி?"

சுலக்ஷனா போனை வாங்கிப் பார்த்தாள். இத்தனை நாள் அந்த ஒரு வரியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், படத்தை இல்லை.

"எங்க லயத்துக்கு மேல, பாறைக்குக் கீழ உள்ள மலை. மழைக்கு முந்தின வாரந்தான் கவ்வாத்து வெட்டுனாங்க. மிலாறு எடுக்குறதுக்குள்ள மழை புடிச்சிருச்சு." அவள் குரல் தேய்ந்தது. "இப்ப அந்த மலை இல்லக்கா. மழையோட மழையா அதுவும் எறங்கிருச்சு."

"எங்கருந்து எடுத்த படம்?"

"மேலருந்து. சிக்னல் பாறைன்னு சொல்லுவோம். லயத்துல போன் எடுக்காது. முக்கியமா பேசணும்னா அங்கதான் ஏறணும்."

வழி விட்டார்கள். பைஸர் கியரைப் போட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். வெட்டியதற்கும் சரிந்ததற்கும் நடுவே இருந்த சில நாட்களுக்குள் யாரோ அந்தப் பாறை மேல் நின்றிருக்கிறார்கள். இப்போது அந்த மலையே இல்லை. படம் மட்டும் இருக்கிறது.

*

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி கொஞ்சம் விலகி மேலே உள்ள வடுவைக் காட்டியது. பச்சை மலையில் ஒரு பெரிய செம்மண் கீறல். அதைத் தாண்டி மேலே கறுப்பாகப் பாறை. பார்த்து முடிப்பதற்குள் பனி மறுபடி மூடிக்கொண்டது.

வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து கும்பிட்டார். திலக்ஷனின் அப்பா, பொன்னையா. வந்தவர்கள் யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை யாராவது தேற்றினால் சரி என்கிற முகம்.

உள்ளே ஒரே அறை, ஒரு காம்பரா. அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பலகை, பலகையின் மேல் மூடி போட்ட ஒரு கோப்பை. "காலையில ஊத்துனது" என்றாள் சுலக்ஷனா, வேறு எதையோ பார்த்துக்கொண்டு. "தினமும் ஊத்தி வைப்பேன்."

பைஸர் கோப்பையைப் பார்க்காமல் இருப்பதற்காக எதிர்ச் சுவரைப் பார்த்தான். அப்போது அவன் தலைக்கு மேல், ஆளே இல்லாத இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாவம், திரும்பவும் யாரையோ கூட்டிட்டு வந்துருக்கா..."

"யா அல்லாஹ்!" பைஸர் வாசலுக்கு வெளியே நின்றான். எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது.

ஜீவராணி சிரிக்கவில்லை. மேலே கையைக் காட்டினாள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் தகரக் கூரை வரை போகவில்லை. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மேலே இடைவெளி விட்டிருந்தது. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் நூறு வயசு சொல்லுவார்கள். லயம் கட்டிய வெள்ளைக்காரன் செங்கல்லை மிச்சம் பிடித்தான். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே புருஷன் பெஞ்சாதி சண்டை என்பது பொதுச் சொத்து.

குரலுக்குச் சொந்தக்காரி பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு. அவளைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை, தானே வந்து இஸ்தோப்பில் நின்றாள்.

"அந்த ராத்திரி சண்டையக் கேட்டீங்களாக்கா?" என்றாள் ஜீவராணி.

"கேக்காம? தூங்க விட்டாத்தானே! அவன் கொம்மு கொம்முன்னுதான் நின்னான். இவ எலங்க எலங்கன்னு. எனக்கு ரெண்டும் வெளங்கல, காணிச் சண்டையோன்னு நெனச்சேன். விடிஞ்சோன்ன அவன் வாசல்ல நின்னு சொன்னதும் கேட்டுச்சு. 'உசுரே போனாலும் நீ சொல்றத மட்டும் போட மாட்டேன்'னான். அன்னிக்கி மழைக்கு வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுகூட இல்ல, எல்லாரும் வீட்டுலதான். லயமே கேட்டுச்சு." சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். உசுரே போனாலும் என்ற வார்த்தை அவளையே சுட்டது. "பொழுது சாஞ்சா மேல யாரும் போறதில்லம்மா. பாறைப் பக்கமா அவன் கூப்புடுறான்னு சொல்றாங்க."

அவள் போனதும் பைஸர் ஆட்டோ அருகில் ஜீவராணியை ஒதுக்கினான்.

"அக்கா, எனக்கு வெளங்கிருச்சு. இது அந்தப் புள்ளையே செஞ்ச வேல. டொட் இலங்கை கேட்டது அவ. புருஷன் நெனப்புல அவளே பதிஞ்சி அவளே எழுதிட்டு, அவளே நம்புறா."

"அவ எழுதியிருந்தா 'நீ சொன்னதுதான் சரி'ன்னு எழுத மாட்டா. 'நான் வந்துருவேன்'னு எழுதியிருப்பா. அவளுக்கு சண்டையில ஜெயிக்க வேணாம் பைஸர். ஆளு வேணும்."

பைஸர் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இப்பப் பாரு" என்றாள் ஜீவராணி. "லயம் பூரா சாட்சி, அவன் விட்டுக்குடுக்காமத்தான் வாசலத் தாண்டுனான். ஆனா பக்கத்த எழுதினவனுக்கு அவன் விட்டுக்குடுத்தது தெரியுது. அப்ப அவன் மனசு மாறினது வாசலத் தாண்டுனதுக்கு அப்புறம். அத வேற யார்கிட்டயோ சொல்லியிருக்கான்."

"வாசலத் தாண்டுனவன யாரும் பாக்கலையே."

"பாக்கலன்னு சொல்றாங்க. மத்தப் பக்கத்துக் காம்பராவுல யாரு இருக்கா?"

*

மற்றப் பக்கத்துக் காம்பராவில் கிஷாந்த் இருந்தான். திலக்ஷனோடு ஒன்றாகப் படித்தவன், வெள்ளைக்காரர்களுக்கு ஈமெயில் எழுதிக் கொடுப்பது, படம் எடுத்துப் போடுவது என்று பனிவழியில் பாதி. மலை இறங்கிய அன்று காய்ச்சலில் படுத்துக் கிடந்ததாகவும் திலக்ஷனைப் பார்க்கவே இல்லை என்றும் ஊருக்கே சொன்னவன். கட்டில் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தால் அந்தக் காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருந்தது.

உள்ளே வருவதற்கு முன் ஜீவராணி சுலக்ஷனாவின் காதில் ஏதோ சொன்னாள். அவள் தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பைஸர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு ஒதவி வேணும் தம்பி" என்றாள் ஜீவராணி, ரொம்பச் சாதாரணமாக. "இந்தப் பக்கத்த எவனோ வெளயாட்டுக்குச் செஞ்சிருக்கான். எடுக்கச் சொல்லி மனுக் குடுக்கப் போறோம்."

கிஷாந்த் தலையாட்டினான்.

"டொட் கொம் காலியா இருக்கு. அதப் பதிஞ்சி தளத்த ஆரம்பிச்சிரலாம். நீங்கதான் செஞ்சி குடுக்கணும். செத்தவரோட கடைசி ஆச அதுதானே."

"அது வேணாம்க்கா."

"ஏன் வேணாம்? லயமே கேட்டுருக்கு. கடைசி வரைக்கும் அவரு டொட் கொம்தான் கேட்டாரு."

"கடைசியா அவன் அதக் கேக்கல" என்றான் கிஷாந்த்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. தகரத்தின் மேல் பனித்துளி சொட்டுகிற சத்தம். ஜீவராணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதட்டவில்லை, கையைக்கூட நீட்டவில்லை.

"அப்ப எதக் கேட்டாரு?"

கிஷாந்த் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு பேச ஆரம்பித்தான். மூடி வைத்த பானை வழிகிற மாதிரி, நிறுத்தாமல் பேசினான்.

"நான் லயத்துக்குப் பின்னால நின்னேன், கோவமா வந்தான். கரண்டு இல்ல, சிக்னல் இல்ல. மழை விடட்டும்னுதான் அவன் சொன்னான். நான்தான் விடல. வா, பாறைக்குப் போயி இன்னிக்கே டொட் கொம்ம எடுத்துருவோம், எடுத்துட்டா சண்டையும் முடிஞ்சிரும்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். மேல போயி எல்லாம் நெரப்பிட்டேன். படமும் எடுத்தேன். கடைசி பட்டன அமுக்கப் போறப்ப கையப் புடிச்சிட்டான். 'இருடா, அவ சொன்னதையே போடு'ன்னான். அதுக்குள்ள சிக்னல் போயிருச்சு. நான் சிக்னல் வரட்டும்னு பாறையிலயே நின்னேன். அவன் நிக்கல. நான் போயி அவகிட்ட சொல்றேன்னு எறங்கிட்டான்."

"மலை வழியா?"

"ஆமாக்கா. பாதி மலைக்குப் போனான். என்னா சத்தம்னு பாக்குறேன், மலையக் காணோம்."

பைஸர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் பாறைக்கு அந்தப் பக்கமா விழுந்து எந்திரிச்சி ஓடி வந்து, யாருக்கும் தெரியாம உள்ள போயிப் படுத்துட்டேன். வாசல்ல இவ வந்து நிக்கிறா. அவரு இங்க வந்தாரான்னு கேட்டா. இல்லன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு இன்னமும் தெரியலக்கா. எப்படியாவது வேற வழியா வந்துருவான்னு நெனச்சேன். அவன் வர்றதுக்குள்ள நான் ஏன் சொல்லணும்னு நெனச்சேன். அப்புறம் பஸ்ஸுக்குப் போயிருப்பான்னு எல்லாரும் ரோட்டோரத்துல வெட்டப் போனாங்க. நானும் போனேன். அங்க இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டே வெட்டுனேன்."

"அப்புறம் அந்தப் பேரப் பதிஞ்சீங்க."

"அவன் கேட்டத நான் செய்யல, அவன் சொல்லப் போனத சொல்ல முடியல. அதையாவது எழுதி வைப்போம்னுதான். அவ தேடிப் பாப்பான்னு தெரியும். அவன் உசுரோட இருக்கான்னு அவ நம்பிருவான்னு நான் நெனச்சே பாக்கல. நம்பிட்டான்னு தெரிஞ்சதுக்கு அப்புறம், எடுக்கவும் பயம், வைக்கவும் பயம்."

அப்போது சுவருக்கு மேலிருந்து, கூரைக்கு அடியில் உள்ள அந்த இடைவெளியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அழுகை இல்லாத, ரொம்ப நிதானமான குரல்.

"பாதி மலைன்னா எந்த எடத்துல அண்ணே?"

கிஷாந்த் சுவரைப் பார்த்தான். ஜீவராணி பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுலக்ஷனாவின் காதில் அவள் என்ன சொல்லி அனுப்பினாள் என்பது பைஸருக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்குக் கோபமாகக்கூட வந்தது. இப்படியா ஒரு பெண்ணைக் கேட்க வைப்பது?

"என் வாயால அந்தப் புள்ளைக்கு இதச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல பைஸர்" என்றாள் ஜீவராணி மெதுவாக.

"வாகை மரம் நின்ன எடம்" என்றான் கிஷாந்த் சுவரிடம். "மரத்துக்குக் கொஞ்சம் கீழ."

"சரி." குரல் நின்றது. பிறகு, "அவரு என்னா சொன்னாரு? சொன்னத அப்படியே சொல்லுங்க."

கிஷாந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான். 'சுலக்ஷனா சொன்னதுதான் சரிடா, அவ மனசு நோகக் கூடாது'ன்னு..."

"பொய் சொல்லாதீங்க அண்ணே."

கிஷாந்த் கட்டிலிலிருந்து எழுந்து நின்றான்.

"எம் புருஷன் அப்படிப் பேசுற ஆள் இல்ல. ஒரு தடவ பொய் சொன்னது போதும். அவரு சொன்னதச் சொல்லுங்க."

கிஷாந்த் ஜீவராணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"திட்டிக்கிட்டேதான் சொன்னான்" என்றான் அவன். "'அந்தப் பிடிவாதக்காரிகிட்ட மனுசன் ஜெயிக்க முடியுமாடா? அவ சொல்ற எழவையே போட்டுத் தொல. இல்லாட்டி இந்த ஜென்மத்துல எனக்குச் சோறு கெடைக்காது'ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கீழ லயத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். 'பேருக்குப் பின்னால நாடு வேணுமாம் அவளுக்கு. யோசிச்சா அதுவும் சரியாத்தான்டா இருக்கு. அவகிட்ட மட்டும் சொல்லிறாத, தலையில ஏறிக்குவா'ன்னான். சொல்லிட்டு, அதையே சொல்றதுக்கு அவனே எறங்கி ஓடுனான்."

சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்றுதான் பைஸர் முதலில் நினைத்தான். சிரிப்பு. நின்று, மறுபடியும் வந்தது.

"இது அவருதான்" என்றது குரல். "தலையில ஏறிக்குவாளாம்."

பிறகுதான் அழுகை வந்தது. மாதக்கணக்காக வராமல் இருந்தது மொத்தமாக வந்தது. அது சுவர்களுக்கு மேலாக லயம் முழுக்கப் போனது. ஒவ்வொரு காம்பராவிலும் பேச்சு நின்றது, எங்கோ ஓடிக்கொண்டிருந்த ரேடியோவும் நின்றது. அம்மாக்கண்ணு தன் பக்கத்திலிருந்து "அழு தாயி, அழுதுரு" என்று சொல்வது கேட்டது. பைஸருக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்லி இந்தக் கனத்தை உடைக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை. அவனும் அழுதுகொண்டிருந்தான்.

கதவு திறந்தது. சுலக்ஷனா இஸ்தோப்பில் வந்து நின்றாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள். "கருமாதி வெள்ளிக்கெழம வேணாம். ஆள் கெடைச்சதுக்கு அப்புறம் வைப்போம். மம்பட்டிய எடுங்க."

பொன்னையா அவளையும், அவளுக்குப் பின்னால் நின்ற ஜீவராணியையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் மெல்லப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"தங்கச்சி, கிராம சேவகர் ஜீ.எஸ்.கிட்டயும் பொலிஸ்லயும் சொல்லிட்டுத்தான் தோண்டணும்" என்றாள் ஜீவராணி. "மண்ணு இன்னும் உறுதியா இருக்காது."

"சொல்லுங்கக்கா. அவங்க வரட்டும், வந்து தோண்டட்டும். நான் போயி அந்த எடத்துல நிக்கிறேன். இத்தன நாளா யாரும் போயி நிக்கல."

ஜீவராணி போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. பைஸர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாறைக்குப் போய்த்தான் பேச வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலமாகிக்கொண்டிருந்தது. மேலே பனி அடர்ந்து வழியை மூடியிருந்தது.

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். யாரும் கிஷாந்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க வேண்டியது எல்லாம் அவர்களுக்கும் கேட்டுவிட்டது. அவன் மட்டும் தன் வாசலைத் தாண்டாமல், படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தான்.

சுலக்ஷனா அவன் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று பைஸர் நினைத்தான். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீங்க முன்னால நடங்க அண்ணே" என்றாள். "எடம் ஒங்களுக்குத்தான் தெரியும்."